ஓடாத நாளின் தண்ணீர்

திங்கட்கிழமை துணி போடவில்லை.
செவ்வாயும் இல்லை.
புதன் விடிகாலை கதவைத் திறந்தால்
டிரம்மின் அடியில் ஒரு டம்ளர் கலங்கல்.

ஓடாத எந்திரம்
எங்கே போய்க் குடித்துவிட்டு வந்தது?

முதல் சந்தேகம் ரப்பர் வளையத்தின் மேல்.
மடிப்புக்குள் விரல் விட்டேன்:
கறுத்த பாசி, ஒரு சட்டைப் பொத்தான்,
இரண்டு சென்ட் நாணயம்.
வினிகர் ஊற்றித் துடைத்தேன். மறுநாளும் கலங்கல்.
பிறகு வடிகட்டி.
பிறகு குழாய்த் தண்ணீர். கண்ணாடிக் குவளையில் பிடித்து
ஒரு பகல் முழுக்க ஜன்னலோரம் வைத்தேன்.
கௌனாஸ் நகராட்சிமேல் பழிபோட
ஒரு துகள்கூட அடியில் தங்கவில்லை.
வெற்று டிரம்மைத் தொண்ணூறு டிகிரியில் சுற்றவிட்டேன்.
கரண்ட் மீட்டர் ஓடியதுதான் மிச்சம்.

ஜீகிமந்தாஸ் வந்தான், கருவிப்பெட்டியோடு.
மூடியைக் கழற்றி, பம்பைச் சுழற்றி, முகர்ந்து பார்த்து
"எந்திரத்தில் குற்றமில்லை" என்றான்,
வீடு முழுக்கச் சோதனை போட்டும்
வெறுங்கையோடு கிளம்பும் போலீஸ்காரன்போல.
நாற்பது யூரோ.

ஆக, மாடி வீடு.
எல்வீராவின் கதவைத் தட்டினேன்.
உங்கள் சாக்கடை என் வீட்டில் இறங்குகிறது என்றேன்,
டிராலிபஸ் கதவை மறித்து நிற்பவரிடம் பேசும் குரலில்.
(இருபத்தொரு வருடமாக ஏழாம் நம்பர் ஓட்டுகிறேன்.
அந்தக் குரலைச் சீருடையோடு
கழற்றி மாட்ட முடிவதில்லை.)
"மூன்று வாரமாக நான் ஊரிலேயே இல்லையே" என்றாள்.
அவள் காலருகே இன்னும் பிரிக்காத பெட்டி.

ஜூனில் ஒரு புழுக்கமான நாள்.
பீட்ரூட்டும் மோரும் கலந்த குளிர் சூப் செய்தேன்.
குடித்தேன், பானையைக் கழுவினேன், படுத்தேன்.
நாலு மணி ஷிப்டுக்கு எழுந்து பார்த்தால்
டிரம்மில் இளஞ்சிவப்பு.
அதன்மேல் மிதந்தது
சதகுப்பை இலையின் ஒரு நுனி.

அன்று மாலை பஸ் டிப்போவிலிருந்து நேராக வந்து
ஒரு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தேன்.
சிங்க்கை அடைத்து, நிரப்பி, சாற்றை ஊற்றினேன்.
விளக்கை அணைத்துத் தரையில் குப்புறப் படுத்து
வட்டக் கண்ணாடியில் டார்ச் அடித்தபடி
ஒரு கையால் எட்டி அடைப்பானை இழுத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு களுக்கென்று ஒரு சத்தம்.
பிறகு துளைகள் வழியே, கூச்சமே இல்லாமல்,
சிவப்பு.

மூன்று மாதமாக யார் யாரையோ கேட்டேன்.
அது என் காப்பி. என் சோப்பு.
நான் தின்ற தட்டின் கழுநீர்.

எந்திரத்தை இழுத்துத் திருப்பினேன்.
கழிவுக் குழாய் தரையில் கிடந்தது.
உயர ஏறி வளைந்து பிறகு இறங்க வேண்டியது அது.
அப்படித்தான் இருந்தது, ஒன்பது வருடம்.
சுவரில் கொக்கி இருக்கிறது.
கொக்கியில் கட்டியிருந்த வார் இல்லை.

ரூதிஸின் பழைய வார்.
மார்ச்சில் அந்த இரவு புதியது கண்ணில் படவில்லை.
அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.
கைக்குக் கிடைத்ததை அவிழ்த்தேன்.
நாலு மாடி. அவனைப் பாதி தூக்கி, பாதி நடத்தி.
திரும்பும்போது வார் மட்டும்.

குழாய் அன்றே விழுந்திருக்காது.
ஒவ்வொரு சலவையின் உதறலுக்கும் விரற்கடை விரற்கடையாக
ஏப்ரல் முழுக்கச் சரிந்திருக்கும்.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

குளிர்கோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.
வலது பையில் வார்,
வாரின் வளையத்தில் பழுப்பு முடி நாலைந்து.
முடியை எடுக்காமல் கட்டினேன்.
பாத்திரம் கழுவினேன்.
கண்ணாடிக் கதவை மூன்று தரம் திறந்து பார்த்தேன்.
காய்ந்த எஃகு.

மறுநாள் படியில் எல்வீரா.
சரியாகிவிட்டதா என்றாள்.
குழாய், என்றேன்.
குழாய்தான்.